எரிபொருட் சிக்கனம்: பணத்தின் கணக்கா, பண்பின் கணக்கா?

வைகறைப் பொழுது. கோல சிலாங்கூர் மாவட்டத்தின் அசாம் ஜாவாச் சந்தியில் இருள் இன்னும் கலையவில்லை. ஈஜோக் பக்கமிருந்தும் பெஸ்தாரி ஜெயா பக்கமிருந்தும் மோட்டார் சைக்கிள்களும் மகிழுந்துகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் விளக்கொளியைச் சிந்தியவாறு விரைகின்றன. எண்ணெய் நிலையத்தில் ஒருவர் பத்து ரிங்கிட்டுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு, எண்கள் ஓடுவதைக் கண்கொட்டாமல் பார்த்து நிற்கின்றார். அடுத்த குழாயருகே நிற்கும் வண்டிக்குரியவரோ கலம் நிறைய ஊற்றுமாறு சொல்லிவிட்டு, எண்களின் பக்கம் திரும்பியும் பாராமல் கடைக்குள் சென்று காப்பி வாங்குகின்றார்.

இருவரும் வாங்குவது ஒரே பொருள். இருவரும் கொடுப்பது தத்தம் உழைப்பால் வந்த ஊதியம். முன்னவர் சிக்கனமாக இருக்கின்றார். அவருக்கு வேறு வழியில்லை. பின்னவருக்கு வழியுண்டு. அவர் விரும்பினால் சிக்கனமாக இருக்கலாம்; விரும்பாவிடில் வீணாக்கலாம். அவ்வாறு அவர் வீணாக்கினால், அது அவருடைய பணப்பைக்கு நேர்ந்த இழப்பு மட்டுந்தானா? அன்றி, அறத்தின் பார்வையில் குற்றமும் ஆகுமா? எளிய கேள்விபோல் தோன்றும் இதற்கு விடை காண்பது அத்துணை எளிதன்று.

என் காசு, என் வண்டி

‘என் காசு, என் வண்டி, என் எண்ணெய், இதில் பிறர் தலையிட என்ன இருக்கிறது?’ என்று கேட்போர் பலர். இவ்வாதத்தை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுதல் நேர்மை ஆகாது. அதில் ஓர் உண்மை இருக்கின்றது. ஒருவர் நேர்வழியில் ஈட்டிய பொருளை எவ்வாறு செலவிட வேண்டும் என்று ஊரார் அனைவரும் கட்டளையிடத் தொடங்கினால், உரிமை என்பதே இல்லாமற் போகும். தோட்டப்புறத்து மக்கள் இதனை நன்கறிவர். கடனுக்குப் பொருள் வாங்கி, சம்பள நாளில் கணக்குத் தீர்த்து, எஞ்சியதைக் கொண்டு காலந்தள்ளிய தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். பாட்டன் நடந்து சென்ற செம்மண் சாலையில் பேரன் தன் சொந்த மகிழுந்தை ஓட்டிச் செல்வது வெறும் ஆடம்பரம் அன்று. அது விடுதலையின் அடையாளமும் ஆகும். அந்த மகிழ்ச்சியைக் குறைகூறுவது அறிவுடைமையாகாது.

எனினும், உரிமை உண்டு என்பது ஒன்று. செய்வது சரி என்பது மற்றொன்று. உணவை விலைகொடுத்து வாங்கியவனுக்கு அதனைக் குப்பையில் கொட்டும் உரிமை உண்டு. ஆயினும் அவன் கொட்டும்போது பார்ப்பவர் மனம் ஏன் துணுக்குறுகின்றது? அந்தச் சோற்றில் அவன் காசுக்கு அப்பாலும் ஏதோ ஒன்று கலந்திருக்கின்றது என்பதை மனம் உணர்வதனால் அன்றோ? பெட்ரோலிலும் அவ்வாறு ஏதேனும் கலந்துள்ளதா என்பதே இங்கு ஆராயத் தக்கது.

தோட்டமும் தொலைவும்

ஒரு காலத்தில் தோட்டத்து வாழ்க்கைக்கு எரிபொருள் தேவைப்படவில்லை. லயத்து வீட்டிலிருந்து கோயில் கூப்பிடு தூரம். பள்ளி நடை தூரம். பால்மர நிரையோ விடியுமுன் நடந்து சேரும் தூரம். வாழ்க்கை குறுகிய வட்டத்துக்குள் அடங்கியிருந்தது. அவ்வட்டத்தில் வறுமையும் இருந்தது, அடக்குமுறையும் இருந்தது. ஆனால் தொலைவு இல்லை.

அந்த வட்டம் மெல்ல மெல்ல உடைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் நிலையிழந்தனர். அந்நிலையில் அவர்களைக் காக்கும் நோக்கத்தோடு 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிமிர்ந்தது. நாள்தோறும் வெட்ட வேண்டிய பால்மரத்துக்குத் தேவைப்பட்ட அளவு ஆட்கள் செம்பனைக்குத் தேவைப்படவில்லை. குடும்பங்கள் வெளியேறின. வேலை கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் சுங்கை பூலோவுக்கும் போய்விட்டது. வீடு ஓரிடம், வேலை வேறிடம், பள்ளி மற்றோரிடம் என்றாயிற்று. இம்மூன்றையும் இன்று இணைத்து வைப்பது பெட்ரோல். ஆகவே வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் எரிபொருட் சிக்கனம் என்பது செல்வர் பொழுதுபோக்காகப் பேசும் பொருளன்று. மாதக் கடைசியில் பிள்ளையின் வேன் கட்டணம் கட்ட முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும் பொருள்.

செம்பனையின் வரலாற்றில் இம்மண்ணுக்குத் தனி இடம் உண்டு. பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபொக்கோனியே என்பவர், மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917-ஆம் ஆண்டில் உருவாக்கியது இந்தக் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். அத்தோட்டத்தின் பெயர் ‘தென்னமரம்’. தமிழரின் வாய்மொழியே ஒரு தோட்டத்துக்குப் பெயராகி, ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டது. பின்னாளில் அதே செம்பனையின் எண்ணெய் எரிபொருளாகவும் மாறியது. 2011-ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் டீசலுடன் 5 விழுக்காடு செம்பனை உயிர்எரிபொருள் படிப்படியாகக் கலக்கப்பட்டது. 2019-இல் அவ்வளவு 10 விழுக்காடாக உயர்ந்தது.

இதன் பொருள் என்ன? தலைக்கு மேல் உயர்ந்த மரத்தின் குலையை நீண்ட கழியில் பொருத்திய அரிவாளால் அறுத்து, பல கிலோ எடையுள்ள அக்குலையைத் தூக்கி வண்டியில் போடும் ஒரு தொழிலாளியின் வியர்வை, சாலையில் ஓடும் கனவுந்தின் கலத்துக்குள்ளும் இருக்கின்றது. அத்தொழிலாளி முன்பு தமிழராக இருந்தார். இன்று பெரும்பாலும் கடல்கடந்து வந்த வேற்று நாட்டவராக இருக்கின்றார். முகம் மாறியது, வியர்வை மாறவில்லை. பெட்ரோலின் கதையும் இத்தகையதே. 1910-ஆம் ஆண்டில் சரவாக்கின் மிரி நகரில் தோண்டிய முதற் கிணறு தொடங்கி, இன்று கடலின் நடுவே நிற்கும் மேடைகள் வரை, எத்தனையோ மனிதர் வெயிலிலும் புயலிலும் பாடுபட்டே நிலத்தடி எண்ணெய் மேலே வருகின்றது. எரிபொருள் குழாயிலிருந்து பிறப்பதன்று. குழாய் அதன் கடைசி வாயில் மட்டுமே.

விலைக்குள் மறைந்திருப்பவை

‘உழைத்தவர்க்கெல்லாம் சேர்த்துத்தான் நான் விலை கொடுத்துவிட்டேனே’ என்று முன்னவர் வாதம் மீண்டும் எழலாம். கொடுத்த விலை முழுமையானதுதானா என்பதை அடுத்துக் காணவேண்டும்.

மலேசியாவில் எண்ணெய் விலை நெடுங்காலம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்து வந்துள்ளது. 1983-ஆம் ஆண்டில் விலை நிர்ணய முறையொன்று அமைந்தது. 2008 ஜூன் மாதத்தில் லிட்டர் 1.92 ரிங்கிட்டாக இருந்த பெட்ரோல் ஒரே இரவில் 2.70 ரிங்கிட் ஆனபோது, தோட்டப்புறத்துக் குடும்பங்கள் திகைத்துப் போயின. 2014 டிசம்பரில் உதவித்தொகை நீக்கப்பட்டு, உலகச் சந்தையை ஒட்டி விலை ஏறி இறங்கியது. 2021-ஆம் ஆண்டில் ரோன் 95 வகைப் பெட்ரோலுக்கு 2.05 ரிங்கிட் என்று உச்சவரம்பு கட்டப்பட்டது. 2025 செப்டம்பர் 30-ஆம் நாள் ‘பூடி 95’ திட்டம் அனைத்துத் தகுதியுள்ள குடிமக்களுக்கும் நடைமுறைக்கு வந்தபோது, அடையாள அட்டையைக் காட்டுவோர் லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குப் பெறலாம் என்றும், மாதத்துக்கு 300 லிட்டர் வரை அச்சலுகை உண்டு என்றும் அறிவிக்கப்பட்டது. அப்போது உதவித்தொகையில்லாத விலை 2.60 ரிங்கிட்.

மாணவரும் செய்யக்கூடிய சிறு கழித்தற் கணக்கு இது. 2.60-இலிருந்து 1.99-ஐக் கழித்தால் 61 சென் எஞ்சும். அந்த 61 சென்னைக் கொடுப்பவர் யார்? பொதுக் கருவூலம். கருவூலத்தை நிரப்புபவர் யார்? எல்லோரும். மகிழுந்தே இல்லாதவர், நடந்து செல்பவர், கடையில் ஒரு பொருள் வாங்கி வரி செலுத்தும் முதியவர் ஆகிய எல்லோரும். அன்றைய விலையில் ஒருவர் ஐந்து லிட்டரை வீணாக எரித்தால், அவர் தம் பணத்தில் ஏறத்தாழப் பத்து ரிங்கிட்டை இழந்தார்; கூடவே ஊராரின் பணத்தில் மூன்று ரிங்கிட்டையும் இழக்கச் செய்தார். ‘என் காசு’ என்ற வாதம் இவ்விடத்தில் முழுமையாக நிற்கவில்லை. அவர் எரித்ததில் ஒரு பகுதி மருத்துவமனையின் மருந்தாகவோ, பள்ளியின் மேசையாகவோ ஆகியிருக்கக் கூடியது.

இனி, பணத்தால் எண்ண முடியாத விலையும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆயினும் அது எரிந்து முடிந்ததும் ஏறத்தாழ 2.3 கிலோ கரிமில வாயு வெளிப்படுகின்றது. எரிபொருளிலுள்ள கரி, காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்வதனால் எடை மிகுகின்றது. இவ்வாயு வானில் தங்கி உலகின் வெப்பத்தை உயர்த்துகின்றது. வெப்பம் உயரக் கடல் மட்டமும் உயர்கின்றது. கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் வரை நீண்டு கிடக்கும் கடற்கரைச் சமவெளி தாழ்ந்த நிலம். கடல்நீர் உட்புகாமல் அதனைக் காப்பது வரப்புபோல் எழுப்பிய கரை. அக்கரைக்கு உட்புறம் நெல் விளைகின்றது, செம்பனை நிற்கின்றது, மக்கள் வாழ்கின்றனர். தொலைவில் எங்கோ நிகழும் தீங்காக இதனைக் கருதுவதற்கு இம்மாவட்டத்தாருக்கு இடமில்லை. பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் உருவான ஒரு பொருளை ஒரு காலை நேரத்தில் எரித்துவிட்டு, அதன் விளைவை இன்னும் பிறவாத பேரப்பிள்ளையின் வாசலில் விட்டுச் செல்வது, கடன் வாங்கியவன் ஒருவன், கையொப்பமிட்டவன் வேறொருவன் என்பது போன்றதாகும்.

வண்டி கற்பிக்கும் பாடம்

வீண் என்பது எங்கே நிகழ்கின்றது? இதனை அறியாமல் சிக்கனம் பேசுவது பயனற்றது. பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் சக்கரங்களைச் சென்றடைவது ஏறத்தாழக் கால் பங்கே; சில வேளைகளில் அதனினும் குறைவு. எஞ்சியதெல்லாம் பெரும்பாலும் வெப்பமாகக் கழிந்துவிடும். அது பொறியின் இயல்பு. அதனை ஓட்டுநர் மாற்ற இயலாது. ஆனால் சக்கரத்தைச் சேர்ந்த அந்தச் சிறு பங்கை எவ்வாறு பயன்படுத்துவது என்பது ஓட்டுநரின் கையிலும் காலிலும் இருக்கின்றது.

முதலாவது, வேகம். விரைந்து செல்லும் வண்டியைக் காற்று எதிர்த்துத் தள்ளுகின்றது. அவ்வெதிர்ப்பு வேகத்தின் இருபடியாக வளரும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 110-க்கு உயர்த்தினால், வேகம் கால் பங்குகூட உயரவில்லை. காற்றின் தடையோ ஏறத்தாழப் பாதிப் பங்கு கூடிவிடுகின்றது. அறுபது கிலோமீட்டர் வழியை 90-இல் கடக்க நாற்பது நிமிடம் ஆகும்; 110-இல் கடக்க முப்பத்து மூன்று நிமிடம் ஆகும். மிச்சமானது ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தைக் கொண்டு மனிதன் என்ன செய்தான் என்று கேட்டால், பெரும்பாலோர்க்கு விடை கிடைப்பதில்லை. ஏழு நிமிடம் முன்னதாகப் புறப்பட்டிருந்தால் அந்த எண்ணெயும் மிச்சம். உயிருக்கு நேரும் இடரும் குறைவு.

இரண்டாவது, பொறுமை. பச்சை விளக்கு விழுந்ததும் பாய்வதும், அடுத்த சிவப்பு விளக்கின் முன் தடையை மிதித்து நிற்பதும் எரிபொருளை விழுங்கும் பழக்கங்கள். நின்று நின்று செல்லும் நகரச் சாலைகளில் இவ்வாறு முரட்டுத்தனமாக ஓட்டுவதால், ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் தொலைவு 10 முதல் 40 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று அமெரிக்க ஆற்றல் துறை கூறுகின்றது. தடையை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், விலைகொடுத்து வாங்கிய வேகம் சக்கரத்தில் வெறும் சூடாக மாறிக் காற்றில் கரைகின்றது. முன்னே பார்த்து, இடைவெளி விட்டு, சீராகச் செல்பவர் அடிக்கடி தடையை மிதிப்பதில்லை. ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி சாலைக்கும் பொருந்தும்.

மூன்றாவது, சிறு கவனங்கள். சக்கரத்தில் காற்றழுத்தம் குறைந்தால் வண்டி கனத்து உருளும். அதனால் நேரும் எரிபொருள் இழப்பு ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் ஏறத்தாழ 0.2 விழுக்காடுதான், சிறியதே. ஆயினும் சக்கரம் விரைவில் தேய்வதும், மழைநாளில் வழுக்குவதும் அதனோடு சேர்ந்து வரும். பின்பெட்டியில் மாதக்கணக்கில் கிடக்கும் வேண்டாத சுமையும் அவ்வாறே ஒவ்வொரு மேட்டிலும் தன் பங்கைக் கேட்டு வாங்கும்.

நான்காவது, நின்ற இடத்தில் எரிவது. பிற்பகலில் பள்ளி வாயிலின் முன் மகிழுந்துகள் வரிசையாக நிற்கும். பொறி ஓடிக்கொண்டிருக்கும், குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கும், வண்டி மட்டும் ஓடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் எரிகின்றது என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய வண்டியானால் அதனினும் மிகும். நாளொன்றுக்கு இருபது நிமிடம், ஆண்டுக்கு இருநூறு பள்ளி நாள் என்று பெருக்கினால், அறுபத்தாறு லிட்டருக்குமேல் ஆகின்றது. ஓரடிகூட நகராமல் எரிந்துபோன அறுபத்தாறு லிட்டர்! பூடி 95 விலையில் அது 130 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட பணம். அந்தப் பணத்துக்கு எத்தனை நூல்கள் வாங்கலாம் என்பதை மாணவரே கணக்கிட்டுப் பார்க்கலாம். அப்புகை சென்று சேர்வதோ வாயிலில் காத்து நிற்கும் பிள்ளைகளின் மூச்சில்.

போலிச் சிக்கனம்

சிக்கனத்தின் பெயரால் நிகழும் மயக்கங்களும் உண்டு. இறக்கத்தில் வண்டியைப் பல்லிணையிலிருந்து விடுவித்து, ‘ஃப்ரீ கியரில்’ உருளவிட்டால் எண்ணெய் மிச்சம் என்று நம்புவோர் இன்றும் உளர். இக்கால வண்டிகளில், பல்லிணை பூட்டியிருக்க மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டால், எரிபொருள் செல்வது பெரும்பாலும் தானே நின்றுவிடும். பல்லிணையை விடுவித்தாலோ, பொறி அணையாதிருக்க எண்ணெய் எரிந்துகொண்டே இருக்கும். வண்டியின் கட்டுப்பாடும் குறையும். மிச்சம் என்று நினைத்தது செலவாகவும் இடராகவும் முடிகின்றது. அவ்வாறே, ரோன் 95 போதும் என்று அமைந்த வண்டிக்கு ரோன் 97 ஊற்றினால் கூடுதல் தொலைவு கிடைக்கும் என்ற எண்ணமும் பிழையானது. அந்த எண் எண்ணெயின் வலிமையைக் குறிப்பதன்று. பொறிக்குள் காலத்துக்கு முன்னரே வெடித்தெரியாமல் தாங்கும் தன்மையைக் குறிப்பது.

எரிபொருளைப் பாதியாகக் குறைப்பதாகச் சொல்லிக் காந்தத் துண்டுகளும் மாயக் குப்பிகளும் விற்போர் எக்காலத்தும் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்து, மிகச் சிலவற்றில் மட்டுமே சிறு பயன் கண்டது. இவற்றை வாங்குவோர் ஏமாறுவதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. பழக்கத்தை மாற்றாமலே பயனை அடைய வேண்டும் என்னும் ஆசையும் ஒரு காரணம். உழைக்காமல் செல்வம் வேண்டுபவன் குதிரைப் பந்தயத்தை நாடுகின்றான். பொறுமையின்றிச் சிக்கனம் வேண்டுபவன் மாயக் குப்பியை நாடுகின்றான். இருவருடைய நோயும் ஒன்றே.

சேமித்தது எதற்காக?

இனி இக்கேள்வியின் கடினமான பகுதி வருகின்றது. வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர், 1865-ஆம் ஆண்டில் நிலக்கரியைப் பற்றி எழுதிய நூலில் வியப்பான ஒரு செய்தியைக் காட்டினார். நீராவிப் பொறிகள் குறைந்த கரியில் நிறைந்த வேலை செய்யத் தொடங்கியபோது, இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு குறையவில்லை, மாறாக ஏறியது. மலிவாகக் கிடைத்ததை மனிதர் மிகுதியாகப் பயன்படுத்தினர். இன்றும் அதுவே நிகழக்கூடும். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய வண்டி பதினைந்து ஓடினால், ‘இன்னும் கொஞ்ச தூரம் சுற்றி வருவோமே’ என்று மனம் சொல்லும். அப்படியானால் சிக்கனத்தால் விளைந்த நன்மைதான் என்ன?

இதற்கு விடை ஒன்றே. சிக்கனம் தனித்து நின்று அறம் ஆவதில்லை. சேமித்தது எதற்காக என்ற நோக்கமே அதனை அறமாக்குகின்றது. நள்ளிரவில் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு மூச்சுத்திணறல். தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ‘எண்ணெய் செலவாகுமே’ என்று ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டால், அவனைச் சிக்கனக்காரன் என்று எவரும் சொல்லார். அவன் கஞ்சன், அதனினும் கீழானவன். முல்லைக் கொடி பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்தது கண்டு தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்த பாரியைத் தமிழினம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போற்றி வருகின்றது. உலகியல் கணக்கில் அது பெரும் வீண்செலவு. ஆனால் பிறிதோர் உயிரின் தேவைக்காகத் தன் வசதியை விட்டுக்கொடுத்தமையால் அது வள்ளன்மை ஆயிற்று. ஆகவே, தேவைக்குத் தேரையும் கொடு. தேவையின்றி ஒரு துளியையும் சிந்தாதே என்பதே தமிழர் கண்ட நெறியெனலாம். வருவாயின் அளவறிந்து வாழ்வதை ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வற்புறுத்திய வள்ளுவரே, ஊரார்க்குப் பயன்படும் செல்வத்தை ‘ஒப்புரவறிதல்’ அதிகாரத்தில் உயர்த்திப் பேசினார். இரண்டும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள்.

இந்நெறி இன்று எவ்வடிவில் வாழ முடியும்? கிள்ளானிலிருந்து உள்தோட்டத்துப் பள்ளியொன்றுக்கு நான்கு ஆசிரியர்கள் நாள்தோறும் போகவர அறுபது கிலோமீட்டர் பயணம் செய்வதாகக் கொள்வோம். நான்கு வண்டிகள், ஒவ்வொன்றும் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால், நாளொன்றுக்கு இருபது லிட்டர் எரியும். நால்வரும் ஒரே வண்டியில் சென்றால் ஐந்து லிட்டரோ சற்று மிகுதியோ ஆகும். சக்கரத்துக்குக் காற்றடிப்பதாலும் வேகத்தைக் குறைப்பதாலும் கிடைக்கும் பயனெல்லாம் இதன் முன் மிகச் சிறியவை. எனினும் இதனைச் செய்வோர் ஏன் குறைவு? ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். ஒருவர் விரும்பும் பாட்டை மற்றவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆகப் பெரிய சிக்கனத்துக்குத் தேவைப்படும் கருவி, மனிதனோடு மனிதன் இணங்கிப் போகும் பண்புதான். எந்தக் கடையிலும் அது விற்பனைக்கு இல்லை.

யாருக்குச் சொல்வது?

இவ்வறத்தை எடுத்துரைப்போர் ஓர் எச்சரிக்கையை மறத்தல் ஆகாது. பேருந்து எட்டிப் பாராத உள்தோட்டத்திலிருந்து, முன்னே ஒரு பிள்ளையும் பின்னே ஒரு பிள்ளையுமாக மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வரும் தந்தையிடம் எரிபொருட் சிக்கனம் பேசுவது, பட்டினி கிடப்பவனிடம் நோன்பின் பெருமை பேசுவது போன்றது. அவர் வீணாக்குவதற்கு ஒரு துளியும் இல்லை. வாழ்வே அவருக்கு அப்பாடத்தைக் கற்பித்துவிட்டது. கலத்தை நிறைக்க வல்லவர்க்கே கடமை மிகுதி. வசதி உயர உயரப் பொறுப்பும் உயரவேண்டும்.

அரசுக்கும் இதில் பங்குண்டு. நம்பத்தக்க பேருந்து இல்லாத ஊரில் ‘வண்டியைக் குறையுங்கள்’ என்பது வெறுஞ்சொல். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தொலைவைத் தாமே தேர்ந்துகொள்ளவில்லை. தொலைவு அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. அச்சுமையைத் தனிமனிதரின் நல்லொழுக்கம் மட்டுமே இறக்கிவிட முடியாது. ஆனால் அரசு செய்ய வேண்டியதைச் செய்யும்வரை தனிமனிதர் வீணாக்கலாம் என்பதும் பொருந்தாது. இரு கடமைகளும் இணையாகவே நடக்க வேண்டியவை.

முடிவாகத் தெளிவது

எண்ணெய் நிலையத்தில் நின்ற இருவரிடம் மீண்டும் வருவோம். கலம் நிறைய ஊற்றிக்கொண்டவர் குற்றவாளி அல்லர். அவ்வெண்ணெயைத் தேவைக்கு எரிக்கும்வரை அவர்மேல் எவ்விதப் பழியும் இல்லை. தேவையின்றி எரிக்கும்போது மட்டுமே அவர் மூவருக்குக் கடன்படுகின்றார்: அதனை வெளிக்கொணர உழைத்தவருக்கு, அதன் விலையில் ஒரு பகுதியைத் தாங்கிய பொதுமக்களுக்கு, அதன் புகையைச் சுமக்கப் போகும் பின்தலைமுறைக்கு. இம்மூவரும் குழாயின் அருகே நிற்பதில்லை, இரசீது கேட்பதில்லை. கேளாதவருடைய உரிமையையும் எண்ணிப் பார்ப்பதற்கே அறம் என்று பெயர். எரிபொருட் சிக்கனம் பணக் கணக்கில் தொடங்கலாம்; பண்பின் கணக்கில்தான் அது நிறைவடையும்.

கணிதப் பாடத்தில் ஒரு வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று வகுத்துக் காட்டும் ஆசிரியர், அதே கணக்கின் மறுபக்கத்தையும் ஒருநாள் மாணவர்முன் வைக்கலாம். பள்ளி விடும் நேரத்தில் வாயிலருகே நிற்கும் தந்தையிடம் ஒரு சிறுமி, ‘அப்பா, பொறியை நிறுத்துங்கள்; நான் வர இன்னும் பத்து நிமிடம் ஆகும்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டால், அக்கணக்கு விடை கண்டுவிட்டது எனலாம். பொறி அடங்கும். கண்ணாடி இறங்கும். செம்பனைத் தோப்பிலிருந்து வரும் காற்றும், வகுப்பறையிலிருந்து எழும் பிள்ளைகளின் குரலும் அந்தத் தந்தையின் காதில் விழும்.